ரெக்கை வெச்ச குதிரை, டிராகன் பொம்மை எல்லாம் வீட்ல வெச்சிக்கலாமா? எப்படி முடிவு பண்றது

ஈவ்னிங் பஜார்ல என் பொண்ணுக்கு ஒரு ரெக்கை வெச்ச குதிரை வாங்கினு வந்தேன், வண்ணாரப்பேட்டை வர்றதுக்குள்ள ஆட்டோலயே அதுக்கு பேரு வெச்சிட்டா, ஆனா வீட்ல பெரியவங்க பாத்துட்டு உருவ பொம்மை இருந்தா மலக்குங்க, அதாவது வானவர்கள், வீட்டுக்கு வரமாட்டாங்க தூக்கி போடுனு சொல்லிட்டாங்க, புள்ள ஒரே அழுகை. இந்த மாதிரி நேரத்துல அவசரப்பட்டு பிடுங்காதீங்க.

மொதல்ல யாரு கையில இருக்குனு பாருங்க. அபூதாவூத்னு ஒரு தொகுப்புல ஒரு ஹதீஸ், அதாவது நபி ஸல் பத்தின செய்தி, இருக்கு. நபியோட மனைவி ஆயிஷா ரலி அவங்க பொம்மைங்களுக்கு நடுவுல துண்டுத்துணில ரெண்டு ரெக்கை வெச்ச குதிரை ஒண்ணு இருந்துச்சு. குதிரைக்கு ரெக்கையானு நபி ஸல் கேட்டாங்க, சுலைமான் நபியோட குதிரைங்களுக்கு ரெக்கை இருந்ததா நீங்க கேள்விப்பட்டதில்லயானு இவங்க திருப்பி கேக்க, கடவாப்பல் தெரியற அளவுக்கு நபி ஸல் சிரிச்சாங்க. எனக்கு இத படிக்கும்போதெல்லாம் மனசு நெறஞ்சிரும். இத வெச்சிதான் புள்ளைங்க வெளையாட்டு பொம்மைக்கு நெறைய உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) அனுமதி குடுக்குறாங்க. முகம் இருக்கக்கூடாதுனு சொல்றவங்களும் இருக்காங்க, உங்க பள்ளிவாசல் ஹஸ்ரத் அப்படி சொன்னா சண்ட வேணாம், கண்ணு மூக்கு இல்லாத துணி பொம்மை தெச்சி குடுங்க.

பெரியவங்க ஷோகேஸ்ல அழகுக்கு நிறுத்தி வெக்கிற டிராகன், கடல்கன்னி சிலை வேற கணக்கு, வெளையாட்டுக்கு குடுத்த சலுகை அதுக்கு வராது, வாங்காம இருக்குறதே நல்லது.

நான் உண்மையா பயப்படுறது அதிர்ஷ்டத்துக்குனு வாங்குற சாமானுக்குத்தான். பணம் வரும்னு சிரிக்கிற புத்தர், கெட்ட கனவு வராதுனு டிரீம் கேட்சர், திருஷ்டிக்கு நீலக்கண்ணு. தாயத்து தொங்கவிட்டவர் ஷிர்க், அதாவது அல்லாஹ்வுக்கு இணை வெக்கிறத, செஞ்சிட்டார்னு முஸ்னத் அஹ்மத்ங்கிற ஹதீஸ் தொகுப்புல இருக்கு, அதுங்கள மொதல்ல எடுங்க.

பக்கத்து வீட்டு அக்கா பாசமா கொலு பொம்மை குடுத்தா ஒடைக்காதீங்க, எங்க வீட்ல வெக்க மாட்டோம்கா, உங்க கொலுவுலயே வெச்சிடுங்கனு மரியாதையா திருப்பி குடுங்க, புரிஞ்சிப்பாங்க.

புள்ளைகிட்டயும் பேசணும். ஜின் நிஜம், குர்ஆன்ல 72வது சூராவுக்கு பேரே ஜின், ஆனா யூனிகார்ன், அந்த ஒத்தக்கொம்பு குதிரை, வெறும் கத, அதுகிட்ட எதையும் வேண்டக்கூடாது, துஆ அல்லாஹ்கிட்ட மட்டும்தான்னு சொல்லுங்க. தொழுற எடத்துல பொம்மை வேணாம், படம் போட்ட திரை தொழுகைல கவனத்த கலைக்குதுனு நபி ஸல் அத எடுக்க சொன்னாங்க. எங்க வீட்ல பாங்கு சொன்னதும் குதிரைய அட்டப்பெட்டில படுக்க வெக்கிறது பொண்ணோட வேல.