கொழும்பில் வாடகைக்கு விடும் தொடர்மாடி வீடு: வெளிச்சமாகவும் நெடுநாள் உழைக்கும்படியும் அமைப்பது எப்படி?

வாடகைக்கு விடும் வீட்டைச் சீரமைக்கப் புறப்படுகிறவர்கள் முதலில் ஓடுவது டைல் கடைக்குத்தான். டைல் காத்திருக்கட்டும். தளபாடம் எதுவும் இல்லாத வீட்டில் காலை முதல் மாலை வரை இருந்து, வெயில் எந்த யன்னலால் எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 1: வெளிச்சம்

கொழும்பு ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் உயரத்திலேயே நிற்பதால், வடக்கு, தெற்கு யன்னல்களுக்குச் சிறிய சன்ஷேட் பெரும்பாலும் போதும். தொல்லை மேற்கில். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடல் தெரிவது அந்தப் பக்கம்தான். வாடகையைக் கூட்டுவதும் அந்த யன்னல். பிற்பகலில் கூடத்தைக் கொதிக்க வைப்பதும் அதுவே. அங்கே இரட்டைக் கம்பி பூட்டுங்கள்: மெல்லிய வெள்ளைத் திரை எப்போதும், தடித்த திரை பிற்பகலுக்கு மட்டும்.

பலர் நினைத்துப் பார்க்காத ஒன்று: குடிவருகிறவர் அலுமாரியையும் தொலைக்காட்சியையும் எங்கே வைப்பார் என்பதைப் பெரும்பாலும் பிளக் இருக்கும் இடமே தீர்மானிக்கிறது. யன்னலுக்கு எதிரேயோ அருகிலோ அல்லாத சுவரில் பிளக்கை வையுங்கள். யன்னல் தானாகவே மறைபடாமல் இருக்கும்.

படி 2: சுவர்

சீலிங்குக்குத் தூய வெள்ளை, சுவருக்கு வெண்மஞ்சள். துடைத்தால் அழுக்குப் போகும் பெயின்டாகப் பாருங்கள். நிறத்தின் இலக்கத்தை எழுதி வைத்தால், ஆள் மாறும்போது கறைபட்ட சுவரை மட்டும் பூசலாம். ஈரச் சுவரில் பெயின்ட் நிற்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

படி 3: நிலமும் குசினியும்

நீர் உறிஞ்சும் அளவு 0.5 வீதத்துக்கு மேற்படாத போர்சலின் டைல், வெளிர் நிறத்தில், வழுக்காத மேற்பரப்புடன். ஒரு பெட்டியை மிச்சமாக வாங்கி வையுங்கள். அதே டைல் பின்னர் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

குளியலறையில் டைல் பதிக்குமுன் நீர்த்தடுப்புப் பூச்சுப் பூசி, தண்ணீரைத் தேக்கி 24 மணி நேரம் விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். மேசன் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கீழ்வீட்டுச் சீலிங்கில் ஈரம் இறங்கினால் கதவைத் தட்டப்போவது அவர் வீட்டில் அல்ல.

நம் குசினியில் மஞ்சளும் தாளிப்பு எண்ணெயும் நாள்தோறும் தெறிக்கும். அடுப்புக்குப் பின்னால் சீலிங் வரை டைல் பதித்து, இடைவெளிகளுக்கு வெள்ளைக்குப் பதிலாகச் சாம்பல் நிற எபொக்சி கலவை இடுங்கள். சிப்போர்ட் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அலுமாரி மலிவுதான், ஆனால் சிங்கின் கீழே ஈரம் பட்டதும் ஊதிவிடும். அலுமினியம் நல்லது.

படி 4: உப்புக்காற்று

கடலோர வீட்டில் சாதாரண இரும்புப் பிணைச்சல் விரைவில் கறள் பிடிக்கும். 316 தரத் துருவேறா எஃகு அல்லது பித்தளை கேளுங்கள். விலை கூடினாலும் கைபடும் பொருளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். தளபாடம் வைப்பதானால், மொறட்டுவைத் தச்சர்களிடம் தேக்கிலோ மஹோகனியிலோ எளிய வடிவில், ஆணிக்குப் பதில் திருகாணி போட்டுச் செய்வியுங்கள். கால் ஆடினால் இறுக்கிவிடலாம்.

படி 5: மின்சாரம்

மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரிப் சுவிட்ச் கட்டாயம். தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பூட்டி, குடிவருகிறவர் முன்னிலையிலேயே சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டுங்கள்.