வாராந்திர வேலைக் கணக்கு: மென்பொருள் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் பயான் லெப்பாஸ் பக்கம் உள்ள ஓர் அலுவலகத்தில் சென்ற மாதம் இரண்டு நாள் அமர்ந்து, புதிதாகப் பொறுப்பேற்ற இரு குழுத்தலைவர்கள் தங்கள் கணக்கை விளக்குவதைக் கேட்டேன். ஒரு வாரத்தில் குழு எத்தனை வேலைகளை முடிக்கிறது என்ற அந்த ஓர் எண்ணை அவர்கள் எடுத்திருந்த விதம், 12 ஆண்டுகளுக்கு முன் கோலாலம்பூரில் நான் எடுத்த விதமாகவே இருந்தது. அவர்களிடம் சொன்னவற்றை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். டிக்கெட்டை, அதாவது ஒரு வேலையைப் பதிந்து வைக்கும் கணினிக் குறிப்பை, மூட மறப்பது, ஒரே வேலையை இரு முறை பதிவது போன்ற தவறுகள் முதல் மாதத்திலேயே கண்ணில் பட்டுச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

வேலை எங்கே முடிகிறது என்று தீர்மானிக்காமல் எண்ணத் தொடங்குவது

மென்பொருள் வேலை பல கைகள் மாறித்தான் முடிகிறது. நிரலர் எழுதுகிறார், சக நிரலர் ஒருவர் அதைப் பார்வையிடுகிறார், டெஸ்டர் சோதிக்கிறார், அதன் பிறகே அது வாடிக்கையாளர் பயன்படுத்தும் சர்வருக்குப் போகிறது. இந்த வரிசையில் எந்தப் படியில் நின்று எண்ணுகிறோமோ அதற்கேற்ப, ஒரே குழுவுக்கு ஒரே வாரத்தில் வெவ்வேறு எண்கள் கிடைக்கும். புதியவர்கள் பெரும்பாலும் நிரலரின் கையை விட்டு வேலை நகரும் படியில் எண்ணுகிறார்கள். அங்கே எண் பெரிதாக இருக்கிறது, எடுப்பதும் எளிது.

நானும் அங்கேதான் எண்ணினேன். எங்கள் குழுவில் ஆறு நிரலர்களும் ஒரே ஒரு டெஸ்டரும் இருந்தோம். பல கிளைகள் கொண்ட ஒரு வணிகருக்குச் சரக்கு இருப்பைக் கணக்கிடும் மென்பொருளைச் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் எண்ணும்போது 12 வேலைகள் முடிந்திருந்தன. ஒரு வாரம் 11, ஒரு வாரம் 13 என்று வந்தாலும் சராசரி 12ஐ விட்டு விலகவில்லை. அந்த நிலையான எண் எனக்குப் பெரும் நம்பிக்கையைத் தந்தது. பத்தாவது வார இறுதியில் இன்னும் தொடங்காத வேலைகள் 36 இருந்தன. 36ஐ 12ஆல் வகுத்து, மூன்று வாரத்தில், தீபாவளிக்கு முன்பாகவே எல்லாம் கையில் இருக்கும் என்று வாடிக்கையாளருக்கு எழுத்தில் கொடுத்தேன். அதை நம்பி அவர் பண்டிகை விற்பனைக்குத் தற்காலிக ஊழியர்களை நியமித்து, புதிய முறையில் அவர்களைப் பழக்கவும் ஏற்பாடு செய்துவிட்டார்.

நான் பார்க்காமல் விட்டது டெஸ்டரின் மேசையை. அவரால் வாரத்திற்கு 8 வேலைகளைத்தான் சோதித்து அனுப்ப முடிந்தது. வாரம் 12 உள்ளே வந்து 8 வெளியே போனால் நான்கு தேங்கும். பத்து வாரத்தில் அது 40 ஆகியிருந்தது. ஆகவே மீதியிருந்த வேலை 36 அல்ல, 76. அதை 8ஆல் வகுத்தால் ஒன்பதரை வாரம் வருகிறது. சோதனையில் தவறித் திரும்பிய வேலைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. அவையும் சேர்ந்து, முழு மென்பொருளையும் நாங்கள் ஒப்படைத்தபோது கிறிஸ்துமஸ் கழிந்திருந்தது. தீபாவளி விற்பனை முழுவதையும் அந்த மனிதர் பழைய ஏட்டுக் கணக்கிலேயே நடத்தினார்.

தேக்கத்தால் வரும் சேதம் தாமதத்தோடு நிற்பதில்லை. 40 வேலைகள் காத்திருக்கும் வரிசையின் கடைசியில் இன்று சேரும் வேலை, ஐந்து வாரம் கழித்தே டெஸ்டரின் கைக்கு வரும். அதில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்படும்போது, எழுதிய நிரலருக்கு அந்த வேலையே மறந்து போயிருக்கும். அடுத்த நாளே தெரிந்திருந்தால் அரை மணி நேரத்தில் திருத்தியிருக்கக்கூடியதைத் தேடிப் பிடிக்க அவருக்கு அரை நாள் போகும். மேலும், திரும்பி வந்த அந்த வேலையைத் திருத்தி முடித்ததும் என் பட்டியலில் அது இன்னொரு முறை 'முடிந்தது' என்று ஏறியது. பிழை கூடக் கூட என் எண் அழகாகிக்கொண்டே போனது.

உள்ளே இருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, அவை வெளியேறும் வேகம், ஒரு வேலை உள்ளே தங்கும் சராசரிக் காலம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961இல் கணித முறையில் நிறுவினார். வேகத்தையும் காலத்தையும் பெருக்கினால் உள்ளே இருக்கும் எண்ணிக்கை கிடைக்கும். வங்கி வரிசைக்கும் மருத்துவமனைக்கும் பொருந்தும் இந்த விதி மென்பொருள் குழுவுக்கும் பொருந்துகிறது. அதனால் வேகத்தை மட்டும் எழுதி, உள்ளே தேங்கியிருப்பதை எழுதாத வாராந்திர அறிக்கையை நான் இப்போதெல்லாம் ஏற்பதில்லை.

உண்மை தெரிந்ததும் டெஸ்டரை வேகமாகச் சோதிக்கச் சொன்னதுதான் நான் செய்த முதல் காரியம். அதற்காக இன்றும் வருந்துகிறேன்; தவறு அவருடையது இல்லை. இரண்டு நிரலர்களைப் புதிய வேலை எடுக்காமல் நிறுத்தி, சோதனையில் அவரோடு அமர வைத்த பிறகுதான் வரிசை குறையத் தொடங்கியது. பழைய இடத்தில் எண்ணியிருந்தால் அந்த வாரங்களில் எங்கள் வேகம் 12இலிருந்து 8க்கு வீழ்ந்ததாகத் தெரிந்திருக்கும். வாடிக்கையாளரின் கைக்குப் போனதோ அந்த வாரங்களில்தான் அதிகம்.

பயான் லெப்பாஸில் இளைய குழுத்தலைவரிடம் இதைச் சொன்னபோது, "டெஸ்டிங் வேற டீம் அண்ணே, அது எங்க கணக்குல வராது" என்றார். எனக்கு எரிச்சல் ஊட்டும் வாக்கியம் இது. நிறுவன அமைப்புப் படத்தில் எந்தப் பெட்டி யாருக்குக் கீழே இருக்கிறது என்பதைப் பார்த்து வாடிக்கையாளர் பொருளைப் பெற்றுக்கொள்வதில்லை. எனவே எல்லைக்கோட்டை அவர் பயன்படுத்தத் தொடங்கும் இடத்தில் போடுங்கள்; அதை ஒரு வாக்கியமாக எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள். வெள்ளிக்கிழமை எண்ணும்போது ஒவ்வொரு படியிலும் காத்திருப்பவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். ஏதாவது ஒரு படியில் வரிசை மூன்று வாரம் தொடர்ந்து நீண்டால், அது அடங்கும்வரை யாருக்கும் தேதி கொடுக்காதீர்கள். எல்லைக்கோட்டை இடம் மாற்ற வேண்டி வந்தால் பழைய வாரங்களையும் டிக்கெட்டில் உள்ள தேதிகளைக் கொண்டு புதிய கோட்டில் மீண்டும் எண்ணுங்கள். இரண்டு வகை எண்களை ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள்.

பாதி முடிந்த வேலைக்குப் பாதி மதிப்பு கொடுப்பது

முடியும்வரை அது பூஜ்யம்.

ஸ்டோரி பாயின்டை வைத்து இரு குழுக்களை ஒப்பிடுவது

ஒரு வேலை எவ்வளவு பெரிது என்பதைக் குழுவினர் 1, 2, 3, 5, 8, 13 என்று அட்டை காட்டி மதிப்பிடும் அந்தப் புள்ளிகள், ஒரு குழு தன் வேலைகளைத் தனக்குள் ஒப்பிட்டுக்கொள்ள உருவானவை. பினாங்குக் குழுவின் 5ம் கோலாலம்பூர்க் குழுவின் 5ம் ஒரே அளவு இல்லை. அவற்றைப் பக்கத்தில் வைத்துக் குறைந்தவரைக் கேள்வி கேட்டால் அடுத்த மாதமே எண்கள் உயரும். யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. 3ஆ 5ஆ என்று தயங்கும் ஒவ்வொரு வேலையும் 5 ஆகிவிடும். பொருளியலாளர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது இதையே: ஓர் அளவீட்டின் மீது கட்டுப்பாட்டு அழுத்தம் விழுந்ததும், அதில் அதுவரை தெரிந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது.

ஆள்வாரியாக எண்ணுவது

செய்யாதீர்கள். மற்றவருக்கு உதவுபவர்தான் முதலில் அடிபடுவார்.

எல்லா வாரமும் ஐந்து நாள் என்று நினைப்பது

சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வாரங்களை யாரும் மறப்பதில்லை. மறப்பது சிறிய வேறுபாடுகளை. பிப்ரவரி 1, கூட்டரசுப் பிரதேச தினம். கோலாலம்பூரில் விடுமுறை, பினாங்கில் வேலை நாள். ஜூலை 7, ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகர தினம். அன்று நிலைமை தலைகீழ். கெடாவில் வார விடுமுறையே வெள்ளியும் சனியும் என்பதால், கூலிமில் அமர்ந்து வேலை செய்யும் சக ஊழியர் ஞாயிற்றுக்கிழமை முடித்தது எந்த வாரத்தில் சேரும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, அதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

குறைந்த வாரத்தின் எண்ணை நாள் கணக்கில் பெருக்கி ஐந்து நாளுக்கு உயர்த்திக் காட்டுவதையும் நான் ஏற்பதில்லை. மூன்று நாளில் 2 முடிந்தால் 2 என்றே எழுதி, பக்கத்தில் வேலை நாள் மூன்று என்று குறியுங்கள். வரப்போகும் மாதங்களிலும் அப்படிப்பட்ட வாரங்கள் இருக்கத்தான் போகின்றன.

சராசரியை மட்டும் வைத்துத் தேதி சொல்வது

ஒரு குழு எட்டு வாரங்களில் 3, 9, 7, 2, 8, 10, 4, 5 என்று முடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 48, சராசரி 6. மீதி 30 வேலைகள் என்றால் ஐந்து வாரம் என்று சொல்லத் தோன்றும். இப்போது அந்த எட்டு எண்களையும் எட்டுச் சீட்டுகளில் எழுதிக் குலுக்குங்கள். ஒன்றை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு மீண்டும் உள்ளே போட்டு, கூட்டுத்தொகை 30ஐத் தொடும்வரை எடுத்துக்கொண்டே இருங்கள். எத்தனை முறை எடுத்தீர்களோ அத்தனை வாரம். கணினியில் இதை ஆயிரக்கணக்கான முறை ஓடவிட ஒரு சிறிய நிரல் போதும். ஐந்து வாரத்திற்குள் முடியும் வாய்ப்பு பாதியைச் சற்றே தாண்டுகிறது. ஆறு வாரத்திற்கு அது நூற்றுக்கு 80ஐக் கடக்கிறது; ஏழு வாரத்திற்கு 95ஐ ஒட்டி நிற்கிறது.

வாடிக்கையாளரிடம் ஏழு வாரத்தைச் சொல்வதா ஆறைச் சொல்வதா என்பது, தாமதமானால் அவருக்கு எவ்வளவு இழப்பு என்பதைப் பொறுத்தது; அதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். பயான் லெப்பாஸில் இரண்டாம் நாள் மாலை அந்த இளைய குழுத்தலைவர் தன் டிக்கெட்டுகளைச் சர்வருக்குப் போன தேதியின்படி மீண்டும் எண்ணினார். வாரத்திற்கு 11 என்று எழுதியிருந்த இடத்தில் 6 வந்தது. அன்றிரவே வாடிக்கையாளரை அழைத்துப் பழைய தேதி நிற்காது என்று சொல்லிவிட்டு, சோதனையில் காத்திருப்பவற்றின் பட்டியலையும் அவருக்கு அனுப்பினார்.