அஸ்வெசும படிவத்துக்கு முன்னால் ட்ரங்குப் பெட்டியைத் திறங்கள்

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலங்கை அரசாங்கம் கொடுக்கிற உதவிதான் அஸ்வெசும. அந்தப் படிவத்தைக் கையில் எடுக்கும் முன்னால், வீட்டு மூலையில் கிடக்கிற ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நம் மலையகத் தோட்டங்களில் வருமானம் கூடிப்போய் உதவி கிடைக்காமல் போனவர்களை விட, கடதாசி சரியில்லாமல் அலைந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் அப்பாயி, அப்பாவின் அம்மா, 2023இல் பேர் கொடுக்கவே மாட்டேன் என்று நின்றார். "பேரக் கொடுத்தா இந்தியாவுக்கு அனுப்பிருவானுங்க." சிரிக்க முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டை இழக்க வைத்த தலைமுறையின் பிள்ளை அவர். தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு நாடும் செய்துகொண்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, பக்கத்து லயமே, அந்த வரிசை வீடுகள் முழுதுமே காலியாகிப் போனதைக் கண்ணால் பார்த்தவர்.

அதனால் முதல் வேலை, வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுவது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கேயே நிரந்தரமாக வாழ்கிற இந்திய வம்சாவளியினரும், இங்கே வசிக்கிற அவர்களுடைய சந்ததியும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி இலங்கைப் பிரஜைகள். உதவிக்கு விண்ணப்பித்ததற்காக அந்த உரிமையை யாரும் பறிக்க முடியாது. அத்தாட்சி கேட்டால், ஜே.பி. (சமாதான நீதவான்) ஒருவர் மேலொப்பமிட்ட பொதுப் பிரகடனம் போதும் என்பது அந்தச் சட்டத்தின் ஏற்பாடு. இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டுக் கப்பல் ஏறாமல் நின்றவர்களுக்கு விசேட பிரகடனம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது ஜே.பி. கையெழுத்தோடு முடியாது.

சரி, இனி அடையாள அட்டை. பழைய அட்டையில் 9 இலக்கத்துக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும். 'வி' என்றால் வாக்குரிமை உள்ளவர், 'எக்ஸ்' என்றால் இல்லாதவர். அப்பாயியின் அட்டையில் எக்ஸ்தான், கடைசி வரை அதைச் சேலை முந்தானையில் முடிந்தே வைத்திருந்தார். அந்த எழுத்தைப் பார்த்து ஒளிந்துகொள்ள வேண்டாம், இப்போது வருகிற 12 இலக்க அட்டையில் எழுத்தே கிடையாது. தோட்டத்தில் குடியிருப்பவர்களின் அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்டத் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், உறுதிப்படுத்தலாம், கிராம சேவகர் கிடைக்கவில்லை என்று மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

பிறப்புச் சான்றிதழில்தான் பெரிய தலைவலி. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பெயரை யாரோ கேட்டு, யாரோ சிங்களத்தில் எழுதி, பிறகு யாரோ அதைத் தமிழுக்கு மாற்றியிருப்பார்கள். அப்பாயி ஒன்றில் லெட்சுமி, இன்னொன்றில் லக்ஷ்மி, சேமலாப நிதிப் புத்தகத்தில் வெறும் லச்சுமி. ஓர் அலுவலகத்தில் "இது மூணு பேரா, ஒரு ஆளா?" என்று கேட்டுத் திருப்பியனுப்பினார்கள். எல்லாக் கடதாசியையும் ஒரே மேசையில் பரப்பி, பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர் மூன்றையும் ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் வங்கிக் கணக்குத் திறக்கும் முன்னாலேயே திருத்துங்கள், பணம் வங்கிக்குத்தான் வரும், கணக்கில் இருக்கிற பெயர் அடையாள அட்டையோடு ஒத்துப்போகாவிட்டால் தெரிவான பிறகும் அலைய வேண்டிவரும்.

பிறப்பே பதியாதவர்கள் பிரதேச செயலகத்தில் காலம் கடந்த பதிவுக்குக் கேளுங்கள். பிறந்து 3 மாதம் தாண்டினாலே அந்த வழிதான். பள்ளிக்கூடச் சேர்வுப் பதிவு, ஞானஸ்நானச் சான்றிதழ், தோட்ட மருந்துக்காரரின் பழைய புத்தகம், செக்ரோலில் (தோட்டச் சம்பளப் பதிவேட்டில்) இருக்கிற அம்மாவின் பெயர் என்று எது கிடைத்தாலும் கொண்டுபோங்கள், பதிய வழியே இல்லையென்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் கேட்கலாம்.

அப்புறம் படிவம். ஒரே லயக் காம்பராவில் இரண்டு அடுப்பு எரிந்தால் அது இரண்டு குடும்பம், அதைக் கணக்கெடுக்க வருகிறவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள், அவர் கதவைத்தான் எண்ணுவார். மின்சாரப் பாவனையும் பார்ப்பார்கள். ஒரு மீட்டரில் நாலு வீட்டுக்கு லைன் போயிருந்தால் அதையும் சொல்லி எழுத வையுங்கள், இல்லாவிட்டால் நாலு வீட்டு பல்பும் உங்கள் தலையில் விழும்.

பட்டியலில் பெயர் வராவிட்டால் மேன்முறையீடு செய்ய வேண்டும். ஆட்சேபனை என்பது வேறு, அது அடுத்தவர் தெரிவானதை எதிர்ப்பதற்கு. எங்கள் டிவிஷனில் இரண்டு பேர் இதைக் குழப்பி, தங்கள் பெயருக்கே ஆட்சேபனை எழுதப் பார்த்தார்கள். கொடுக்கிற ஒவ்வொரு கடதாசிக்கும் திகதி போட்ட பற்றுச்சீட்டு வாங்கி, போனிலும் ஒரு படம் எடுத்துவிட்டு, அதே ட்ரங்குப் பெட்டிக்குள் போடுங்கள்.