ஏ.எஃப்.பி. ஆன்டிபாடி: தெரிகிற பேண்ட் ஆல்புமின்தானா என்று பார்ப்பது எப்படி

ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் (ஏ.எஃப்.பி.) கருவின் கல்லீரல் சுரக்கிற புரதம். பிறந்தபின் வெகுவாகக் குறையும். கல்லீரல் புற்றுச் செல்களில் மறுபடி தலைகாட்டும். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, தேடுகிற புரதத்தை அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் ஒரு பேண்டாக, அதாவது கோடாக, காட்டும் முறை) சுமார் 70 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) நிற்கும். தொல்லையும் அங்கேதான்: அதே குடும்பத்து ஆல்புமின் 66-ல் நிற்கிறது.

நாகர்கோவில், மார்த்தாண்டம் லேப்களுக்கு ஆன்டிபாடிப் பார்சலைத் திங்கள்கிழமை அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளியன்று கிளம்பினால் ஞாயிறு முழுக்க ஏதாவது குடோனில் கிடக்கும். வந்ததும் 10 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள். பாதிக்குப் பாதி கிளிசரால் கலந்திருந்தால் உறையாது, பிரிக்கவும் வேண்டாம். தானாகப் பனி உருக்கும் ஃப்ரீசர் ஆகாது. அடிக்கடி சூடேறி இறங்கும். ஆடி மழை, ஐப்பசி மழை இரண்டிலும் கரண்ட் போகிற ஊர் நம்முடையது, குழாய்களைச் சுற்றி ஐஸ் பேக் அடுக்கிவிடுங்கள்.

பாசிட்டிவ் கன்ட்ரோலுக்கு (பேண்ட் வரவேண்டிய மாதிரி) ஹெப்-ஜி2 என்கிற கல்லீரல் புற்றுச் செல்கள், நெகட்டிவுக்கு (வரக்கூடாத மாதிரி) ஹீலா என்கிற கருப்பைவாய்ப் புற்றுச் செல்கள். இந்தப் புரதம் செல்லுக்கு வெளியே போய்விடுவதால் செல் வளரும் திரவமான மீடியத்தையும் ஓட்டிப் பாருங்கள். ஆனால் கன்றுக்கருவின் சீரம் கலந்த மீடியம் கூடவே கூடாது: அதில் மாட்டின் ஆல்புமினும் ஏ.எஃப்.பி.யும் இருக்கின்றன. செல்களை நன்றாகக் கழுவி, சீரம் இல்லாத மீடியத்தில் 24 மணி நேரம் விட்டு எடுங்கள்.

10 சதவீத ஜெல், லேனுக்கு (ஜெல்லின் ஒரு வரிசை) 20 முதல் 30 மைக்ரோகிராம் லைசேட் (செல்களை உடைத்தெடுத்த கரைசல்). மனித சீரமானால் இதே அளவிலும் ஆல்புமின் வீங்கி 70-ஐ அமுக்கும், அதை முதலில் நீக்குங்கள். பி.வி.டி.எஃப். மெம்பிரேனை (புரதம் ஒட்டும் பிளாஸ்டிக் தாள்) மெத்தனாலில் நனைத்தபின் ஜெல்லிலிருந்து அதற்குப் புரதத்தை டிரான்ஸ்ஃபர் செய்யுங்கள். பிளாக்கிங்குக்கு (மெம்பிரேனின் காலி இடங்களை மூட) 5 சதவீதக் கொழுப்பில்லாப் பால்பவுடர், ஒரு மணி நேரம். சில பாலிகுளோனல் ஆன்டிபாடிகள் (பலவகை ஆன்டிபாடிகளின் கலவை) மாட்டு ஆல்புமினையும் பிடிக்கும், ஆகவே பி.எஸ்.ஏ. (மாட்டு சீர ஆல்புமின்) தவிருங்கள். நம் ஊர் ஈரத்தில் பவுடர் கட்டி தட்டும். கலக்கிய பின் வடிகட்டாவிட்டால் பிளாட் முழுக்கக் கரும்புள்ளி.

முதல் ஆன்டிபாடி 1:1000-ல் தொடங்கி, 4 டிகிரியில் இரவு முழுக்க. 0.1 சதவீத ட்வீன் கலந்த பஃபரில் மூன்று முறை, தலா 10 நிமிடம் கழுவுங்கள். முதலாவதைப் பிடிக்கிற, பேண்டைக் காட்டும் பெராக்சிடேஸ் என்சைம் ஒட்டிய இரண்டாவது ஆன்டிபாடி 1:5000, ஒரு மணி நேரம். முதலாவது முயலுடையதானால் இதுவும் முயலுக்கு எதிரானதாக இருக்க வேண்டும்.

ஹீலாவிலும் அதே இடத்தில் பேண்ட் வந்தால் சந்தேகப்படுங்கள். முதல் ஆன்டிபாடி இல்லாமல் ஒரு துண்டை ஓட்டுங்கள்: அதிலும் வந்தால் குற்றம் இரண்டாவதுடையது. வராவிட்டால், சுத்த ஆல்புமினை ஒரு லேனில் ஏற்றிப் பாருங்கள். எதுவுமே தெரியாவிட்டால் பஃபரில் சோடியம் அசைடு இருக்கிறதா பாருங்கள். அது பெராக்சிடேஸைக் கொன்றுவிடும்.