கலிஃபோர்னியாவில் கார் விபத்து: மனவேதனைக்கும் தண்டனை இழப்பீட்டுக்கும் வழக்குத் தொடுக்கும் முறை

விபத்தில் கை முறிந்தால் மருத்துவமனை பில் கொடுக்கும்; தூக்கம் கெட்டதற்கும், காரில் ஏறினாலே நெஞ்சு படபடப்பதற்கும் யாரும் பில் கொடுப்பதில்லை. ஆயினும் கலிஃபோர்னியச் சட்டம் அந்த வேதனைக்கும் இழப்பீடு தருகிறது. மோதியவர் குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் அதற்கு மேல் தண்டனை இழப்பீடும், அதாவது தவறு செய்தவரைத் தண்டிப்பதற்கென்றே விதிக்கும் கூடுதல் தொகையும், கேட்கலாம். மனவேதனைக்கான பணம் பெரும்பாலும் எதிராளியின் இன்சூரன்ஸிலிருந்து வரும். தண்டனை இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனம் கட்ட அந்த மாநிலச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், அது அவருடைய சொந்தப் பையிலிருந்துதான் வரவேண்டும். வழக்கை எப்படி நடத்துவது என்ற முடிவுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைப் பொறுத்தவையே.

முதலில் கெடு. விபத்து நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்கைப் பதிவு செய்ய வேண்டும். மோதியது நகராட்சிப் பேருந்து போன்ற அரசு வாகனமாக இருந்தால், 6 மாதங்களுக்குள் அந்த அமைப்பிடம் எழுத்து மூலம் கோரிக்கை கொடுத்த பிறகே நீதிமன்றம் செல்ல முடியும். இந்த 6 மாதக் கெடு பலருக்குத் தெரிவதே இல்லை.

காயமடைந்தவருக்கு மனவேதனை தனி வழக்கு அன்று. உடற்காய வழக்கோடு சேர்த்துக் கேட்கும் ஒரு தலைப்பு. சாதாரண வாகன விபத்து வழக்குகளில் இதற்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் ஆதாரம் வேண்டும். நம்மவர்கள் டாக்டரிடம் கழுத்து வலியைச் சொல்வார்கள், இரவில் திடுக்கிட்டு விழிப்பதைச் சொல்லமாட்டார்கள். டாக்டரின் குறிப்பில் இல்லாததை ஓராண்டு கழித்து ஜூரியை நம்பவைப்பது கடினம் என்பதால், முதல் சந்திப்பிலேயே அதையும் சொல்லிப் பதிவு செய்யச் செய்யுங்கள். நாட்குறிப்பு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். “மிகவும் வேதனைப்பட்டேன்” என்று எழுதுவதைவிட, “880 நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் கை நடுங்கியது; திரும்பி வந்து, மகளைப் பள்ளியில் விடப் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன்” என்று தேதியோடு எழுதுவது எத்தனையோ மடங்கு மேல்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மனநிலையை வழக்குக்குள் கொண்டுவந்தால், அது தொடர்பான மனநல சிகிச்சைப் பதிவுகளை எதிர்த்தரப்பு கேட்கலாம். தங்கள் நிபுணரைக் கொண்டு உங்களைப் பரிசோதிக்கவும் நீதிமன்ற அனுமதி கோரலாம். இத்தகைய காயத்தோடு வழக்கமாக வரும் வேதனைக்கு மேல் எதையும் கோரவில்லை, அதற்கு நிபுணர் சாட்சியமும் வைக்கமாட்டோம் என்று எழுதிக்கொடுத்தால், அசாதாரணச் சூழ்நிலை இருந்தாலொழிய அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கலாம். சில மாதத் தூக்கமின்மைக்கும் பயத்துக்கும் இதுவே போதும் என்பது என் கருத்து. மன அதிர்ச்சி நோய் என்று மருத்துவர் உறுதி செய்திருந்தால் எழுதிக்கொடுக்காதீர்கள்.

காயம் படாமல் பார்த்துக்கொண்டிருந்த உறவினரும் வழக்குத் தொடுக்கலாம், ஆனால் வாசல் குறுகியது. 1989இல் மாநில உச்ச நீதிமன்றம் வகுத்த விதிப்படி அவர் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். விபத்து நடக்கும்போதே அங்கிருந்து அதை உணர்ந்திருக்க வேண்டும். வேதனையும் கடுமையானதாக இருக்க வேண்டும். அந்த வழக்கிலேயே, மகன் அடிபட்டதைக் கேள்விப்பட்டு ஓடிவந்து அவனைச் சாலையில் இரத்தத்தோடு கண்ட தாய், மோதலை நேரில் காணாததால் தோற்றார்.

இன்னொரு தடை: உங்கள் காருக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் நீங்களே ஓட்டியிருந்தால், தவறு முழுவதும் எதிராளியுடையதானாலும் வலி, மனவேதனைத் தலைப்புகளில் பணம் கிடைக்காது. அவர் குடிபோதையில் ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டால் மட்டும் விலக்கு.

தண்டனை இழப்பீட்டுக்குக் கவனக்குறைவு போதாது. பிறர் உயிரைத் தெரிந்தே பொருட்படுத்தாத நடத்தையைத் தெளிவான, ஐயத்துக்கு அதிகம் இடமில்லாத சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுவது இதில் அடங்கக்கூடும் என்று 1979இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவில் “அலட்சியமாக ஓட்டினார்” என்று மட்டும் எழுதினால், அந்தப் பகுதியை நீக்கக் கோரி எதிர்த்தரப்பு மனுப்போடும். எங்கே குடித்தார், திரும்பிக் காரோட்ட வேண்டும் என்று தெரிந்தே குடித்தாரா, இரத்தத்தில் மது எவ்வளவு, முன்பும் இதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரா என்று விவரமாக எழுத வேண்டும். போலீஸ் அறிக்கையையும் குற்ற வழக்கின் தீர்ப்பு நகலையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். தண்டனைத் தொகையை மனுவில் குறிப்பிடக் கூடாது. அதைத் தனி அறிவிப்பாகப் பிரதிவாதிக்குச் சேர்ப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால், அவர் வழக்குக்கே வராமல் போனாலும் அந்தத் தலைப்பில் தீர்ப்புப் பெற முடியாது.

பிரதிவாதியின் பண நிலையை நிரூபிக்க வேண்டியதும் வாதிதான். வழக்கு வெல்வதற்கு வலுவான வாய்ப்பு உண்டு என்று காட்டி அனுமதி பெற்ற பிறகே அவருடைய கணக்குகளைத் தோண்ட முடியும். ஆகவே வீடோ சேமிப்போ இல்லாதவர் மீது இதற்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடுவது வீண் அலைச்சல். அப்போதும் குடிபோதையை ஜூரிமுன் வைக்க நேரும் என்ற அச்சம் இன்சூரன்ஸ் நிறுவனத்தைச் சமரசத்துக்கு இழுக்கப் பயன்படும். அவர் திவாலானாலும், போதையில் ஓட்டி ஏற்படுத்திய உடற்காயத்துக்கான கடன் தள்ளுபடியாவதில்லை. கம்பெனி வாகனமாக இருந்தாலும், நிர்வாகப் பொறுப்பிலுள்ள ஒருவர் ஓட்டுநரின் தகுதியின்மையை முன்பே அறிந்திருந்தார் அல்லது பின்னர் அவர் செயலை ஏற்றார் என்று காட்டினாலொழிய, கம்பெனியிடம் இந்தத் தண்டனை போகாது.

சமரச ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வாசகத்தைக் கவனியுங்கள். உடற்காயத்துக்கும் அதனால் வந்த மனவேதனைக்கும் கிடைக்கும் பணத்துக்குக் கூட்டாட்சி வருமான வரி பொதுவாக இல்லை; தண்டனை இழப்பீட்டுக்கு வரி உண்டு. எந்தத் தொகை எதற்கு என்று ஒப்பந்தத்திலேயே பிரித்து எழுதச் சொல்லுங்கள்.