வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் முன்: உயிலா, செட்டில்மெண்டா?

சார் பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தர்களின் மேசையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரே மாதிரியான உரையாடலை இரண்டு முறையாவது கேட்கலாம். எழுபது வயதைக் கடந்த அப்பாவோ அம்மாவோ நாற்காலியில் இருப்பார். மகன் நின்றுகொண்டு பேசுவார். பத்திரம் எழுதுபவர், "உயில்னா பின்னாடி தகராறு வரும், செட்டில்மெண்ட் போட்டுடுங்க, செலவும் கம்மி" என்பார். அந்த ஆலோசனை முழுவதும் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்டுக் கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்தக் காகிதத்தின் விளைவு என்ன என்பதை அந்த மேசையில் யாரும் விளக்குவதில்லை. தமிழ்நாட்டில் சொத்து வைத்திருக்கும் முதியவர்கள் எழுதும் முன் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை, உரிமையியல் வழக்குகளில் இருப்பவன் என்ற முறையில், இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். உயில் என்பது எழுதியவர் இறந்த பிறகு மட்டுமே உயிர்பெறும் ஆவணம். அதுவரை சொத்து அவருடையதே, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கிழித்தும் போடலாம். தான செட்டில்மெண்ட் அப்படியல்ல. பதிவு முடிந்த அன்றே சொத்தின் உரிமை பெறுபவருக்குப் போய்விடுகிறது. குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத்தாள் கட்டணம் சொத்து மதிப்பில் ஒரு சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு என்பதால், விற்பனைப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. உயிலுக்கு முத்திரைத்தாளே தேவையில்லை, வெள்ளைத்தாளில் எழுதலாம் என்பதை மட்டும் பலர் சொல்வதில்லை.

என்னிடம் வரும் செட்டில்மெண்ட் பத்திரங்களின் கடைசிப் பக்கத்தை நான் முதலில் படிப்பேன். "இப்பத்திரத்தை எக்காலத்திலும் எக்காரணம் முன்னிட்டும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை" என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது பழைய மாதிரிப் பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டப்பட்டது, எழுதிக் கொடுத்தவர் அதைப் படித்திருக்கவே மாட்டார். மேலே முதல் பக்கத்தில் "தாங்கள் என் மகன் என்ற வகையில் உங்கள் மீதுள்ள அன்பு பாசத்தின் பேரில்" என்று இருக்கும். நடுவில், அந்த மகன் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சொல்லும் இருக்காது. வழக்கு வரும்போது இந்த மூன்று இடங்களையும் வைத்துத்தான் வாதம் நடக்கும்.

ரத்து செய்துவிடலாமே என்று கேட்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். செட்டில்மெண்டை எழுதியவர் மட்டும் தனியாகப் போய் ரத்துப் பத்திரம் பதிவு செய்வது முன்பு சாதாரணமாக நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022 செப்டம்பரில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: உயில் போன்றவற்றைத் தவிர, உரிமையை மாற்றிக் கொடுத்துவிட்ட பத்திரத்தை ஒருதலைப்பட்சமாக ரத்து செய்து பதிவாளர் ஏற்றுக்கொள்ள முடியாது, சொத்து மாற்றச் சட்டத்தின் 126 ஆம் பிரிவின்படி ரத்து செய்யத்தக்கதாக எழுதப்பட்ட தானம் போன்றவைதான் விதிவிலக்கு. மற்றவர்களுக்கு இருக்கும் வழி உரிமையியல் நீதிமன்றம், அல்லது கீழே சொல்லும் தீர்ப்பாயம்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இன் 23 ஆம் பிரிவு இதற்காகவே உள்ளது. அறுபது வயது நிறைந்த ஒருவர், தமது அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் பெறுபவர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைக் கொடுத்து, பெறுபவர் அதைச் செய்ய மறுத்தாலோ தவறினாலோ, அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் அதைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். சண்டையெல்லாம் "நிபந்தனையுடன்" என்ற அந்த ஒரு சொல்லில்தான். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததை முதியவர் காட்டியாக வேண்டும், அன்பினால் கொடுத்தது என்பதாலேயே அது வந்துவிடாது என்றது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்காக வந்த சட்டம், தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, தாய் மகனுக்கு எழுதிய தானத்தை ரத்து செய்ததுடன், சொத்தின் சுவாதீனத்தையே திருப்பிக் கொடுக்க உத்தரவிடும் அதிகாரமும் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில், பார்த்துக்கொள்வதாக மகன் எழுதிக் கொடுத்த தனி உறுதிப் பத்திரம் ஒன்று இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு இன்னும் ஒரு படி மேலே போய், அன்பு பாசத்தின் பேரில் என்று எழுதியிருந்தாலே பராமரிப்பு என்ற நிபந்தனை உள்ளடங்கியதாகக் கொள்ளலாம் என்றது.

இந்தத் தீர்ப்புகளை நம்பிப் பத்திரத்தில் நிபந்தனை எழுதாமல் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. உங்கள் வழக்கு எந்தத் தீர்ப்பின் வெளிச்சத்தில் பார்க்கப்படும் என்பதை எழுதும் நாளில் யாராலும் சொல்ல முடியாது; இரண்டு வரி எழுதுவதற்கோ செலவே இல்லை. மாதிரிக்கு ஒன்று:

"எழுதிக் கொடுப்பவராகிய எனக்கும் என் மனைவிக்கும் எங்கள் ஆயுள்வரை உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் ஆகியவற்றைப் பெறுபவர் தம் சொந்தச் செலவில் கவனித்து வரவேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டே இச்சொத்து அவருக்குக் கொடுக்கப்படுகிறது. அவர் அதில் தவறினால் 2007 ஆம் ஆண்டு சட்டத்தின் 23 ஆம் பிரிவின்படி இப்பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்கக் கோர எனக்கு உரிமை உண்டு. கீழ்த்தள வீட்டில் குடியிருக்கவும் மாடி வீட்டு வாடகையைப் பெற்றுக்கொள்ளவும் எங்கள் இருவர் ஆயுள்வரை உள்ள உரிமையை நான் நிறுத்தி வைத்துக்கொண்டுள்ளேன்."

கடைசி வாக்கியம்தான் ஆயுள்கால அனுபவ உரிமை. இதை எழுதிய பத்திரத்தில், அப்பா இறந்த மறுநாளே அம்மாவை வெளியே அனுப்ப முடியாது. அந்த உரிமை பதிவான பத்திரத்திலேயே இருப்பதால், அந்த வீட்டை வாங்க வருபவரும் மூலப் பத்திரத்தைப் படிக்கும்போது அதைப் பார்த்துவிடுவார். "இருவர் ஆயுள்வரை" என்று எழுதாமல் "என் ஆயுள்வரை" என்று மட்டும் எழுதி, மனைவியை நடுத்தெருவில் விட்ட பத்திரங்கள் உண்டு. அனுபவ உரிமையை வைத்துக்கொண்டால் அது உயிலாகிவிடும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் இல்லை: ஆயுள்கால உரிமையை வைத்துக்கொண்டு எழுதினாலும் உரிமை அன்றே போய்விட்டதென்றால் அது செட்டில்மெண்ட்தான், தனியாக ரத்து செய்ய இயலாது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் விளக்கியிருக்கிறது. நிபந்தனை எழுதும் பத்திரத்தில் பெறுபவரையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், பத்திரத்தை அன்று பதிவு செய்யாமல் வீடு திரும்புவது நல்லது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டு அவதிப்படுகிறவர்கள் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் தீர்ப்பாயம் அவர்தான், மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம், 60 நாளுக்குள். மனுவில் பத்திரத்தின் எண், ஆண்டு, சார் பதிவகம், பத்திரத்துக்கு முன்னும் பின்னும் யார் சமைத்தார்கள், மருந்துக்கு யார் பணம் கொடுத்தார்கள், எந்த மாதத்திலிருந்து நின்றது என்பதைத் தேதியோடு எழுதுங்கள். மருத்துவமனை ரசீதும் வங்கிப் புத்தகமும் உபயோகப்படும். "மகன் சரியில்லை" என்ற பொதுவான புகாரைக் கோட்டாட்சியர் சமரசத்துக்கு அனுப்பி முடித்துவிடுவார். அதோடு, மருமகளை மட்டும் வெளியேற்றுவதற்காக இந்தச் சட்டத்தைக் கையிலெடுக்காதீர்கள்: குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் அவளுக்குள்ள குடியிருப்பு உரிமையையும் தீர்ப்பாயம் எடைபோட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 இலேயே சொல்லிவிட்டது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

இவ்வளவையும் யோசித்தால், உடல்நிலை நன்றாக இருக்கும் ஒருவருக்கு உயிலே போதும் என்பது என் எண்ணம். செட்டில்மெண்டுக்கு ஒரு நியாயம் உண்டு: பிள்ளைகளில் ஒருவர் உடல் ஊனமுற்றவராகவோ விதவையாகவோ இருந்து, மற்றவர்கள் அந்தப் பங்கைத் தடுப்பார்கள் என்ற அச்சம் உண்மையாக இருந்தால், கண் முன்னே கொடுத்துவிடுவது நல்லது.

உயில் எழுதும்போது நான் முதலில் கேட்கும் கேள்வி, சொத்து உங்களுடையதுதானா என்பதே. தாத்தா வழியில் வந்த கூட்டுக் குடும்பச் சொத்தென்றால் உங்கள் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். மகள்களும் அதில் பங்குதாரர்கள்: இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989 ஆம் ஆண்டிலேயே திருத்தம் கொண்டுவந்தது, 2005 ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. "கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு" என்பதைக் காரணமாக எழுதி மகளைத் தவிர்ப்பது பூர்வீகச் சொத்தில் எடுபடாது. முஸ்லிம்கள், வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் மூலம் கொடுக்க முடியாது.

கையெழுத்திடும் நேரம்தான் உயிலின் உயிர்நாடி. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925 இன் 63 ஆம் பிரிவின்படி, குறைந்தது இரண்டு சாட்சிகள், நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்தோ, அது உங்கள் கையெழுத்துதான் என்று நீங்களே சொல்லக் கேட்டோ, உங்கள் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் அவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும் என்கிறது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 67 ஆம் பிரிவு. ஆகவே சாட்சிகள் உங்களைவிட இருபது வயதாவது இளையவர்களாக இருக்கட்டும்; உங்களைவிட மூத்த நண்பரைச் சாட்சியாக வைத்தால், உயில் வெளியே வரும் நாளில் அவர் இருக்க மாட்டார். சொத்தில் பங்கு பெறுபவரும் அவர் மனைவியோ கணவரோ சாட்சிப் போட வேண்டாம். கிறிஸ்தவர்களின் உயிலில் அது அந்தப் பங்கையே செல்லாததாக்கிவிடும். இந்துக்களுக்கு அந்த விதி இல்லாவிட்டாலும் சந்தேகத்துக்கு முதல் விதை அதுதான்.

சந்தேகச் சூழ்நிலை என்ற சொல் 1958 ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து இன்றுவரை எல்லா உயில் வழக்கிலும் வரும். பெரும் பங்கு பெறும் மகனே வண்டியில் அழைத்துவந்தது, வரைவு எழுதச் சொன்னது, கையெழுத்து நடுங்கியது, மனைவியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாதது ஆகிய ஒவ்வொன்றையும் உயிலை நம்பி வருபவர்தான் விளக்கியாக வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டால் காரணத்தை இரண்டு வரியில், வசை இல்லாமல், எழுதிவிடுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள் அதே நாளில் தங்கள் வழக்கமான மருத்துவரிடம் மனநிலை தெளிவாக இருப்பதாகச் சான்று வாங்கி இணைத்துக்கொள்ளலாம்.

பதிவு கட்டாயமில்லை, பதிவு செய்தால் மட்டும் உயில் நிரூபணமாகிவிடுவதும் இல்லை. ஆனாலும் நான் பதிவு செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் காணாமல் போனது, இடைச்செருகல் போன்ற பேச்சு அதோடு நின்றுவிடும். உயில் பதிவாகியிருக்கிறதா என்று மகன் போய்க் கேட்டாலும், எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவர் முகவருக்கோ தவிர நகல் கொடுக்க மாட்டார்கள். உள்ளே இருப்பதைப் பதிவாளருக்கும் காட்ட விரும்பாதவர்கள் முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். சென்னை மாநகரச் சொத்துக்கு உயர் நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று, வாங்கியாக வேண்டும் என்ற பழைய கட்டாயம், 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் வாரிசுரிமைச் சட்டத்தின் 213 ஆம் பிரிவை நீக்கியதோடு போய்விட்டது. தகராறு இருக்கும் இடத்தில் புரோபேட் இன்றும் பயன்படும் வழிதான்.

வங்கிக் கணக்கில் நாமினி போட்டுவிட்டால் உயில் தேவையில்லை என்பது பரவலான தவறான எண்ணம். நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர், உரிமையாளர் அல்ல. பங்குப் பத்திரங்களில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதையே சொல்லியிருக்கிறது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நாமினியாக்கலாம் என்பதால், உயிலில் உள்ள பங்கும் நாமினிப் பங்கும் ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று, யாரும் கேட்காமலே நான் சொல்வது. பொது அதிகாரப் பத்திரம் நீங்கள் மனநலம் குன்றும் நாளில் காலாவதியாகிவிடும். அதை முதுமைக்கான பாதுகாப்பாக நம்ப முடியாது. கோமாவில் கிடப்பவரின் சொத்தை நிர்வகிக்க வேண்டுமானால் குடும்பத்தினர் உயர் நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனம் கேட்டு மனுப் போட வேண்டியிருக்கிறது. சிகிச்சை பற்றிய உங்கள் விருப்பத்தையோ இப்போதே எழுதலாம். மீளமுடியாத நிலையில் உயிர்காப்புக் கருவி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதும் உரிமையை 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. முன்பு நீதித்துறை நடுவர் மேலொப்பமிட வேண்டியிருந்ததை 2023 ஜனவரியில் எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றாக்கியது. உங்கள் சார்பில் மருத்துவரிடம் பேசப்போகிறவரின் பெயரை அதில் குறிப்பிட்டு, அவருக்கும் குடும்ப மருத்துவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். உயில் பீரோவின் பூட்டுக்குள் இருக்கலாம். இந்தக் காகிதம் அங்கே இருந்தால், நீங்கள் வென்டிலேட்டரில் இருக்கும் நேரத்தில் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.