மண்மேட்டில் மரம் நடுகிறீர்களா? முதலில் இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கிறது. அப்படிக் கொட்டிய மேடு மழைக்குச் சரியுமே என்று கேட்டால், "மரம் நட்டுவிட்டோம், வேர் பிடித்துக்கொள்ளும்" என்று பதில் வரும். பாதிதான் சரி. வேர் பலமாகப் பிடிப்பது மேலாக உள்ள ஒன்று, ஒன்றரை மீட்டர் மண்ணைத்தான். பல மாடி உயர மேடு உள்ளுக்குள் உடைந்து சறுக்கினால், அந்த உடைப்பு வேருக்கு வெகு கீழே ஓடும், மேலே உள்ள தோப்பும் சேர்ந்தே இறங்கிவிடும்.

அதனால் மரத்தை நம்பி சரிவையும் வடிகாலையும் கோட்டை விடுவதுதான் பெரிய தவறு. 2017 நிலக்கரிச் சுரங்க விதிகள் மேட்டின் சரிவு 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது, 30 மீட்டருக்கு மேல் போனால் படிகளாக வெட்ட வேண்டும் என்கின்றன. இதற்கெல்லாம் பதிலாக மரக்கன்று நிற்காது. தண்ணீர் இன்னும் மோசம். 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸில் அபர்ஃபான் கிராமத்தின் மேல் இறங்கிய சுரங்கக் கழிவு மேடு, நீரூற்றின் மேலேயே கொட்டப்பட்டிருந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் குழந்தைகள்.

இது தெரியாமல் மேட்டு உச்சியின் விளிம்பை ஒட்டி வரிசையாகக் குழி வெட்டி, டேங்கர் லாரியில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மேடு சரியத் தொடங்கும்போது முதலில் வெடிப்பு விழுகிற இடமே அதுதான், அங்கே போய் நாமே தண்ணீரை உள்ளே இறக்கினால் எப்படி? மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக் காயவைக்கும் என்பது உண்மைதான், ஆனால் வடகிழக்குப் பருவமழை நாலைந்து நாள் விடாமல் கொட்டும்போது அந்த உதவி ஏறக்குறைய காணாமல் போய்விடும்.

மரத்தின் எடை மேட்டை இழுத்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மீட்டர் ஆழ மண்ணே சுமார் 1.8 டன் இருக்கும்; சாதாரணத் தோப்பின் எடை அதில் பத்தில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். பயப்பட வேண்டியது காற்றுக்கு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்ப் பக்கம் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மேட்டு உச்சியில் நெட்டை மரம் அப்படி விழுந்தால் வேர் பிடுங்கிய பள்ளத்தில் மழைநீர் தேங்கி உள்ளே இறங்கும். ஓரத்தில் புதரும் குட்டை மரமும் போதும், உயரமானதை உள்ளே தள்ளி நடுங்கள்.

அப்புறம், மேல்மண்ணை டோசர் விட்டு மாற்றி மாற்றி அமுக்குவது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில், சுரங்கம் தோண்டிய நிலத்தைச் சீரமைக்கச் சொன்ன 1977 சட்டத்துக்குப் பிறகு மண்ணை நன்றாக இறுக்கிப் புல் விதைத்தார்கள். அந்த இறுகிய மண்ணில் மரங்கள் வளர முடியாமல் திணறின. பின்னாளில் மேலே சுமார் 1.2 மீட்டராவது தளர்வாக விடுங்கள் என்று மாற்றிச் சொன்னார்கள். கீழே இறுக்கம், மேலே தளர்வு, இதுதான் கணக்கு.

கன்றையும் பாருங்கள். பாலித்தீன் பையில் ரொம்ப நாள் கிடந்த கன்றைப் பையைக் கிழித்துப் பார்த்தால், ஆணிவேர் அடியில் முட்டித் திரும்பி ஜிலேபி மாதிரி சுருண்டிருக்கும். அப்படியே நட்டால் சில வருடம் பச்சையாகத்தான் நிற்கும், ஆனால் வேர் ஆழம் போகாது, பலத்த காற்றில் சாயும். சுருண்டதை வெட்டிவிட்டு நடுங்கள், அல்லது சின்னக் கன்றாக வாங்குங்கள்.

தைலமரத்தை மட்டும் நெருக்கமாக நட்டு, அடியில் புல்லே இல்லாமல் விடுவதும் வழக்கமாக நடக்கிறது. இலையில் சேர்ந்து விழும் பெரிய சொட்டுகள் வெற்று மண்ணை அறுக்கும், இரண்டு மழையில் வாய்க்கால் விழுந்துவிடும். முதலில் புல், வெட்டிவேர்; பிறகு புங்கம், வேம்பு, மூங்கில் என்று கலந்து நடுவதே நல்லது.

கடைசியாக வெட்டு. விறகுக்காக மொத்தத் தோப்பையும் ஒரே தடவையில் வெட்டினால் மறுநாளே ஒன்றும் ஆகாது, பழைய வேர்கள் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அவை மக்கி, புது வேர் இன்னும் ஊன்றாத அந்தச் சில வருடங்கள்தான் ஆபத்து. பட்டை பட்டையாக வெட்டி, ஒரு பட்டையில் புதுக் கன்று ஊன்றிய பிறகே அடுத்ததில் கை வையுங்கள். இடையில் அடிமரம் வளைந்து வளர்வதோ, ஒரு வரிசை மரங்கள் சேர்ந்தாற்போல் சாய்வதோ கண்ணில் பட்டால் மண் மெல்ல நகர்கிறது என்று அர்த்தம்; உடனே உச்சிக்குப் போய் வெடிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் கீழே வேலை செய்கிறவர்களை முதலில் வெளியேற்றுங்கள்.